உப்புச் சாக்கு

நேற்று மாலை வரை அவரைப் பந்தலில் அவரை இருந்தது. இன்று காலை பந்தல் மட்டும் இருந்தது.

சைனப் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் முகைதீனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவருக்குத் தெரிந்த ஒன்று: சைனப் கத்துகிற விஷயம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நிற்கிற விஷயம்தான் முடியாது.

"மூணாவது தடவை," என்றாள் கடைசியில்.

"ம்."

"மொதல்ல ரோஜா. பெறவு செம்பருத்தி. இப்ப அவரை. பூத்து, பிஞ்சு பிடிச்சு, நாளைக்குப் பறிக்கலாம்னு விட்டு வச்சேன்."

முகைதீன் குனிந்து, மிச்சமிருந்த கொடியின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மான்தான். கத்தரிச்ச மாதிரி இல்ல பாரு, பிய்ச்ச மாதிரி இருக்கு. மேவரிசையில முன்பல்லு கெடையாது. கடிக்க முடியாது, இழுத்துத்தான் திங்கும். ஆடும் அப்படித்தான்."

தாராவியில் நாற்பது வருடமாகத் தோல் மண்டி வைத்திருப்பவர் அவர். தேவனார் ஆட்டுத்தொட்டியிலிருந்து வருகிற பச்சை ஆட்டுத்தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி, சாக்கில் கட்டி ஊர்ப்பக்கம் அனுப்புகிற வியாபாரம். அதனால் நாலு கால் உள்ள எதைப் பற்றியும் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு.

"பல்லு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தின்னுட்டுப் போயிருச்சுல்லா?" என்றாள் சைனப். "இங்க பாருங்க. இன்னும் ஒரு தடவ மான் வந்து வாய வச்சுதுன்னா நான் தாராவிக்கே போயிருவேன். கோலிச் சாவிய சலாவுதீன்ட்ட குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் அவர்கள் அத்தனை காலம் குடியிருந்த ஒற்றை அறையை, அந்தக் கோலியை, பை தைக்கிற சலாவுதீன் வாடகைக்கு எடுக்கப் போகிறான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வந்து சாவி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

இந்த வீட்டுக்கு அவர்கள் வந்து எட்டு மாதம் ஆகிறது. செம்பூரின் கடைசியில், மலையடிவாரத்தில் ஒரு கம்பெனியின் பழைய குவார்ட்டர்ஸ். மகன் பைசானுக்கு அங்கே வேலை கிடைத்து, தரைத்தளத்தில் வீடும் கொடுத்தார்கள். என்றைக்கோ இருந்த ஒரு பெரிய மேனேஜருக்கு மான் வளர்க்க ஆசை வந்து மூன்று ஜோடி வாங்கிக் கம்பி வேலிக்குள் விட்டாராம். ஒரு மழைக்காலத்தில் வேலி விழுந்தது. மான்கள் மலையேறின. மேனேஜர் ரிட்டயராகி ஊர் போய்ச் சேர்ந்தார். மான்கள் ரிட்டயராகவில்லை; பெருகிவிட்டன. விடியற்காலையில் இறங்கி வந்து, யார் வீட்டு வாசலில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துப் பசியாறிவிட்டுப் போகின்றன.

பைசான் வீடு கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று, எத்தனை ரூம் என்று சைனப் கேட்கவில்லை. "மண்ணு இருக்காடா?" என்றுதான் கேட்டாள். தாராவியில் தகரக் கூரைமேல் பெயின்ட் டப்பாக்களில் புதினாவும் மருதாணியும் வைத்து, தினமும் ஏணியில் ஏறித் தண்ணீர் ஊற்றியவள். இங்கே வாசலில், இடுப்பளவு வேலிக்குள், பன்னிரண்டு அடிக்கு எட்டடி மண் இருந்தது. அதை நம்பித்தான் கிளம்பி வந்தாள். தாராவியில் கதவைத் திறந்தால் பத்துப் பேர் பேச இருப்பார்கள். இங்கே எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். சைனப் செடிகளோடு பேசப் பழகிக்கொண்டாள். அந்தச் செடிகளைத்தான் மான் தின்கிறது.

சரி, போனால் போகட்டும் என்று முகைதீனும் கூடவே தாராவிக்குக் கிளம்ப வேண்டியதுதானே? மண்டியும் அங்கேதான் இருக்கிறது. அங்கேதான் ஐயா சிக்கல்.

கடைசி இரண்டு வருடம் தாராவியில் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். மேற்குச் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் விடியும். சுவரில் அவர் தலை சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்துவிட்டது. அதற்கும் சைனப்பிடம் பாட்டு வாங்கினார். என்ன செய்கிறது என்று அவள் கேட்டபோது, "வாயு" என்றார். அவளும் தினம் ஓமம் வறுத்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். செம்பூர்க் காற்றுக்கு நல்ல பேர் கிடையாது. ஆனாலும் இந்த மலையோரத்துக்கு வந்த முதல் வாரமே முகைதீன் மல்லாந்து படுத்துத் தூங்கினார். கண் விழித்ததும் அல்லாவுக்கு நன்றி சொன்னார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைசான் அன்றைக்கே மண்டியைப் பூட்டிவிடுவான். "புள்ள கேண்டீன்ல சாப்பிட்டுச் சாவான், கூட இருப்போம்" என்று சைனப்பிடம் ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே தோட்டம் பிழைத்தால் சைனப் இருப்பாள். சைனப் இருந்தால் அவருக்கு மூச்சு இருக்கும். எல்லாம் மானின் வாயில் இருந்தது.

பக்கத்து வீட்டு செண்பகவல்லி அந்தக் குவார்ட்டர்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறவள். இப்போது அவள் வாசலில் கள்ளிச் செடி மட்டும்தான். முகைதீன் அவளிடம் விசாரித்தார்.

"நான் பாக்காத வைத்தியமா அண்ணாச்சி? சோப்புக் கட்டிய நூல்ல கோத்துத் தொங்க விட்டேன். சலூன்ல முடி அள்ளிட்டு வந்து தூவினேன். முட்டையத் தண்ணியில கலக்கித் தெளிச்சேன். அந்த நாத்தத்துக்கு மான் வந்துட்டுது, எங்க வீட்டுக்காரர்தான் ரெண்டு நாள் வாசப்பக்கம் வரல."

"அப்ப என்னதான் வழி?"

"பில்டிங்குக்குச் சுத்திக் கட்டுவாங்கள்ல, பச்ச வல, அத ஆளுயரத்துக்கு மேல கட்டணும். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாத எடத்துல மான் குதிக்காது அண்ணாச்சி. கால ஒடிச்சுக்க அதுக்கு என்ன பைத்தியமா?"

"நீங்க ஏன் கட்டல?"

"எங்க வீட்டுக்காரர் நாளைக்குக் கட்டுதேன்னு சொல்லி பதினோரு வருஷம் ஆச்சு."

அத்தோடு முகைதீன் கேட்டுக்கொண்டு வலை வாங்கப் போயிருக்கலாம். போகவில்லை. மிருகம் அறிந்த மனுஷன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டிக்குக் கிளம்பிய பைசானும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான்: "வாப்பா, கல்லு கில்லு எறிஞ்சுராதீங்க. ஜங்கிள் ஜான்வர், காட்டு மிருகம். கேஸ் ஆயிரும், எனக்கு நௌக்ரி போயிரும்."

"நான் ஏன்டா கல்லெறியுதேன்? அது கிட்டயே வராது, பாரு."

திங்கட்கிழமை மண்டியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு யோசனை உதித்தது. பக்ரீத் சமயத்தில் அந்தச் சந்து வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு போவார்கள். மண்டி வாசல் வந்ததும் ஆடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகராது. தன் இனத்துத் தோலின் வாடை. ஆட்டுக்குப் பயம் என்றால் மானுக்கும் பயம்தான், இரண்டும் ஒரே ஜாதிப் பல். மூலையில், ஒரு வருடம் உப்புத் தோல் கட்டி வைத்திருந்த பழைய சாக்குகள் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தன. நாலு சாக்கைச் சுருட்டிக் கட்டி ஆட்டோவில் ஏறினார். சயான் சிக்னலில் ஆட்டோக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"சாச்சா, பீச்சே கோன் மர் கயா?"

"பின்னால யாரும் சாகல. நீ ஓட்டு," என்றார்.

தோட்டத்தின் நாலு மூலையிலும் கம்பு நட்டுச் சாக்குகளைத் தொங்கவிட்டார். சைனப் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தாள்.

"பூ வாசம் வரும்னு பாத்தா, மண்டியவே கொண்டாந்து நட்டு வச்சிருக்கீங்க."

"நாலு நாளு பொறு."

செவ்வாய்க்கிழமை மான் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. மொட்டையாக நின்ற ரோஜாக் குச்சியில் சிவப்பாகத் துளிர் தெரிந்தது. பாத்தியில் கீரை இரண்டு இலை விட்டிருந்தது. சைனப் குத்தவைத்து உட்கார்ந்து கீரையிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, முகைதீனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செண்பகவல்லியைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களாம்மா? சோப்பு, முடி, வலை எல்லாம் வெளாட்டுச் சாமான். மிருகத்துக்குப் புரியுற பாஷையில சொல்லணும்."

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றாள் அவள், கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

புதன்கிழமை சாயங்காலம் பருவம் தப்பி ஒரு தூறல் போட்டது. சாக்குகள் நனைந்தன.

வியாழக்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு முகைதீன் கதவைத் திறந்தார். மலைக்குப் பின்னால் லேசாக வெளுத்திருந்தது. தோட்டத்தில் மான். ஒன்று இரண்டு இல்லை, ஒன்பது. கொம்புள்ளது இரண்டு, பெட்டைகள், ஒரு குட்டி. ஒன்றும் பயந்த மாதிரி தெரியவில்லை. ஒரு சாக்குக்கு இரண்டு மூன்றாகச் சுற்றி நின்று, கண்ணை மூடி, ரசித்து நக்கிக்கொண்டிருந்தன. குட்டி ஒரு சாக்கின் கீழ் அண்ணாந்து நின்று, சொட்டுகிற தண்ணீரை நாக்கில் வாங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நக்கும், திரும்பிக் கொஞ்சம் கீரை தின்னும், மறுபடி போய் நக்கும். மாங்காயை உப்புத் தொட்டுத் தின்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோற்றார்கள்.

உப்பு!

அப்போதுதான் முகைதீனுக்கு மற்றதும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பக்ரீத்துக்கும் பக்கத்துக் கடையில் கட்டிப் போடுகிற ஆடுகள், ஒரு நாள் பழகியதும், மண்டிச் சுவரின் அடிப்பக்கத்தை நக்கும். சுவர் பாழாகிறது என்று அவரே கம்பெடுத்து விரட்டுவார். நாற்பது வருடம் விரட்டியிருக்கிறார். எதற்கு நக்குகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் இந்த அவமானம் இல்லை.

கை தட்டினார். ஒன்பதும் ஒரே தாவில் வேலியைத் தாண்டிப் போயின. உள்ளேயிருந்து சைனப் வந்தாள். ரோஜாத் துளிர் இல்லை. கீரைப் பாத்தி குளம்படியாகக் கிடந்தது. கேட்டோரத்தில் தாராவியிலிருந்து கொண்டுவந்து வைத்த மருதாணியை மட்டும் மான் தொடவில்லை. அதற்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

சைனப் அடுப்படிக்குப் போனாள். பைசானுக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு போனை எடுத்து, "சலாவுதீன் தம்பி, நாளைக்கு நீ வர வேண்டாம்பா, நான் பெறவு சொல்லுதேன்," என்றாள். அலமாரிக்கு மேலிருந்து பையை இறக்கித் துடைத்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

முகைதீன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மான் தானாகத்தான் வந்தது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே விட்டுவிடலாம். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"சைனப், மான் தானா வரல. நான்தான் கூப்பிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாக்கு. அதுல ஊறிப்போன உப்பு. மானுக்கு உப்புன்னா உசுரு. நக்குததுக்குத்தான் கூட்டமா வந்துருக்கு. என் கண்ணால பாத்தேன்."

கொஞ்ச நேரம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் உதட்டைக் கடித்தாள். கோபமா சிரிப்பா என்று தீர்மானிக்க முடியாமல் முகம் ஒரு பாடுபட்டது.

"நாப்பது வருஷம் உப்புலயே கெடந்த மனுஷன் நீங்க. சாக்குல உப்பு இருக்கும்னு தெரியாதாக்கும்?"

"தோணலளா."

"மானுக்கு மேவரிசைப் பல்லு, கீழ்வரிசைப் பல்லுன்னு பேச மட்டும் தோணும்." கையிலிருந்த சேலையைப் பைக்குள் வைத்தாள். "சரி, வேணும்னு செய்யல. அதுக்காக நான் இங்க இருக்க முடியாது. விடிஞ்சா யார் மூஞ்சியப் பாக்க? நீங்க மண்டிக்குப் போயிருவீங்க, அவன் டியூட்டிக்குப் போயிருவான். இருந்த ரெண்டு செடியும் போச்சு. நீங்களும் கெளம்புங்க. மண்டி பக்கத்துல இருக்கு, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

முகைதீன் கட்டிலில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார்.

"எனக்கு அங்க படுக்க முடியாதுளா."

"என்னது?"

"மூச்சு விட முடியல. வாயு இல்ல அது. உப்புத் தூசியா, தோல் நெடியா, என்னமோ. ராத்திரி படுத்தா நெஞ்சு மேல ஆளு ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். இன்னைக்கு விடியுமான்னு இருக்கும். இங்க வந்துதான் படுத்து ஒறங்குதேன். எனக்கு அங்க போகப் பயமா இருக்கு."

தன் வாயிலிருந்து அந்தக் கடைசி வார்த்தை வந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைச் சொன்னதில்லை.

சைனப் கையில் பாதி மடித்த அடுத்த சேலையோடு நின்றாள்.

"ரெண்டு வருஷம் ஓமம் வறுத்தேன்," என்றாள்.

"ம்."

"செவத்துல எண்ண படியுதுன்னு ஏசினேன். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன்."

"ம்."

"இங்க வந்து ஒரு நாளும் ஓமத்தண்ணி கேக்கலியேன்னு பாத்தேன். வயசான காலத்துல வயிறு சரியாயிட்டுது போலன்னு நெனச்சேன். யா அல்லா!" அவள் குரல் உடைந்தது. உடனே அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன? நான் யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? இத மொத நாளே சொல்லியிருந்தா மானுக்கு நானே கேட்டத் தொறந்து விட்டிருப்பேனே!"

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். சேலைகள் கட்டிலில் அவர் பக்கத்தில் விழுந்தன.

"நாளைக்கு ஜும்மா முடிஞ்சு டாக்டர்ட்ட போறோம். பைசான்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். மண்டியில உப்புத் தளத்துக்கு நீங்க இறங்கப்படாது. கணக்குப் பாத்தமா, வந்தமான்னு இருக்கணும்."

"சரி."

"என்ன சரி? எதுக்குத்தான் நீங்க சரின்னு சொல்லல?" என்றபடி மறுபடியும் போனை எடுத்தாள். "சலாவுதீன் தம்பி, நாளைக்கு வா. ஆமா, சொன்ன நேரத்துக்கு வா. வரும்போது பதிமூணாம் காம்பவுண்டு பழைய சாமான் கடையில பில்டிங் வல கெடக்கும்ல, பச்ச வல, பழசு போதும், நாப்பது அடிக்கு வாங்கிட்டு வா. மூங்கிலு ஆறு." போனை வைத்துவிட்டு முகைதீனிடம் திரும்பினாள். "செண்பகவல்லி சொன்னது தெரு முழுக்கக் கேட்டுது. உங்களுக்கு மட்டும்தான் கேக்கல."

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபோது சலாவுதீன் வலைச் சுருளோடு வாசலில் காத்திருந்தான். முகைதீன் சாக்குகளைக் கழற்றிச் சுருட்டி, குப்பை வண்டிக்கு வைத்தார். மூங்கில் நட்டார்கள். வலை தொய்ந்தது. ஈரத்தோலைச் சட்டத்தில் அடிக்கிறபோது செய்வது போல ஒரு மூலை, அப்புறம் அதற்கு எதிர்மூலை என்று மாற்றி மாற்றி இழுத்துக் கட்டச் சொன்னார். வலை விறைப்பாக நின்றது. இது ஒன்றாவது மனுஷனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறதே என்று சைனப் சொல்லவில்லை. பார்த்த பார்வையில் அது இருந்தது. மான் தொடாத மருதாணியை ஒடித்து, வலையின் வெளிப்பக்கம் ஓரமாகக் குச்சி குச்சியாக ஊன்றினாள். செண்பகவல்லி தன் பங்குக்கு ஒரு அவரை விதைப் பொட்டலம் நீட்டினாள்.

"எங்க வாசலுக்கும் இப்படிக் கட்டித் தாங்க அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர நம்பினா இன்னும் பதினோரு வருஷம் ஆவும்."

"நாளைக்குக் கட்டுதேன்," என்றார் முகைதீன். எல்லாரும் சிரித்தார்கள்.

சலாவுதீன் கிளம்புகிற நேரம், சைனப் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கோலிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"தம்பி, மேக்குச் செவத்துல ஒரு எண்ணெக் கறை இருக்கும். ஆளு உக்காந்தா தல படுத உயரத்துக்கு. நான் எவ்வளவோ தேய்ச்சும் போகல. நல்லாச் சுரண்டிட்டு வெள்ளையடிச்சிரு."

"சரி மாமி."

"மறந்துராத," என்றாள். பிறகு மண்ணில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, அவரை விதைகளை ஒவ்வொன்றாக ஊன்ற ஆரம்பித்தாள்.